இரவுச் சோறு டிபன் ஆன கதை

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்து பார்த்தாலும், உணவகங்கள் ஒரு நாளை இரண்டாகப் பகுத்து வைத்திருப்பது தெரியும். பகல் பதினொன்றரை மணிக்கு இலை போட்டு சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக ஊற்றும் கடை, நாலு மணிக்கு மேல் சோற்று அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தோசைக்கல்லுக்கு அடுப்பு மூட்டுகிறது. இரவு எட்டு மணிக்குப் போய்ச் சாப்பாடு கேட்டால், "டிபன்தான் இருக்கு சார்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். வீடுகளிலும் இதே கோடுதான். மத்தியானம் சோறு, ராத்திரிக்கு இட்லி, தோசை, சப்பாத்தி, ஆளில்லாத நாளில் ரவை உப்புமா. வெளியே என்றால் பரோட்டா. நெடுங்காலமாக இப்படித்தான் சாப்பிட்டு வந்தோம் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. உண்மையில் பெரும்பாலான குடும்பங்களில் இந்தப் பழக்கத்துக்கு இரண்டு தலைமுறை வயதுகூட நிறையவில்லை. சோறு இரவிலிருந்து ஏன் பின்வாங்கியது என்று கேட்டால் வழக்கமாக வரும் விடைகள் சர்க்கரை நோய், நாக்கு ருசி, நகர நாகரிகம். இவை மூன்றிலும் உண்மை உண்டு. ஆனாலும் இவை பிறகு வந்து சேர்ந்த காரணங்கள் என்பதே என் வாதம். தானியம் எங்கிருந்து வந்தது, அதை இடிக்கிற, அரைக்கிற, வேகவைக்கிற வேலை யார் கையில் எந்த மணிநேரத்தில் விழுந்தது என்ற இரண்டு கேள்விகளுக்குள்தான் நம் இரவு உணவின் வரலாறு அடங்கியிருக்கிறது.

பழைய இரவு உணவிலிருந்து தொடங்க வேண்டும். வயல்வேலை செய்து வாழ்ந்த பெரும்பான்மைக் குடும்பங்களுக்கு இரவுச் சாப்பாடுதான் நாளின் ஒரே சூடான, புதிதாகச் சமைத்த சாப்பாடு. காலையில் பழையது, பகலில் வயலுக்கே தூக்குவாளியில் போகும் கூழோ கஞ்சியோ, பொழுது சாய்ந்த பிறகுதான் உலை. காவிரிப் பாசன ஊர்களில் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அதை வாங்கி வந்த பெண் குத்தி, புடைத்து, அரிசியாக்கி, அதற்குப் பிறகுதான் உலையில் போட முடியும். சேலம், தர்மபுரி போன்ற மேட்டுநிலப் பகுதிகளில் கேழ்வரகைத் திரிகையில் அரைத்துக் களி கிண்ட வேண்டும். கம்பு விளையும் ஊர்களில் உரலில் இடித்துச் சோறாக்க வேண்டும். எதுவானாலும் அந்த ஒரு அடுப்பு இரண்டு வேளைக்குச் சேர்த்து எரிந்தது. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலை உணவு தயார். மிஞ்சிய களி கரைத்துக் குடிக்கும் கூழாக மாறும். விறகுக்கும் வரட்டிக்கும் பெண்கள் அலைய வேண்டியிருந்த காலத்தில் இது வறுமை கற்றுக்கொடுத்த சிக்கனம் மட்டுமல்ல, நன்றாக யோசிக்கப்பட்ட ஏற்பாடும்கூட. இரவுச் சமையல்தான் மறுநாள் காலையைத் தாங்கியது. ஆகவே இரவிலிருந்து சோறு போனபோது தமிழர்கள் ஒரு வேளை உணவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பழைய சோறு என்ற காலை உணவும் அதோடு சேர்ந்தே போயிற்று. இன்று நட்சத்திர உணவகங்களில் மண்சட்டியில் பழைய சோறு பரிமாறப்படுவதைப் பண்பாட்டு மீட்பு என்று கொண்டாடுகிறவர்கள் இந்தத் தொடர்பைக் கவனிப்பதில்லை. இரவில் உலை வைக்காத வீட்டில் பழையதுக்கு வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் அவசியம். எல்லாத் தமிழர்களும் காலங்காலமாக அரிசிச் சோறு சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் கைவிட்டதாகச் சொல்வது சரியாகாது. புன்செய் ஊர்களில் நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல், கல்யாணம் என்று எண்ணிச் சொல்லக்கூடிய நாட்களின் உணவாக இருந்தது. அரிசி எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்ததற்கு அரசியலே முதல் காரணம். சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரத்து அறுந்தது. பங்கீடு வந்தது, கோதுமை வந்தது. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார். 1956இல் அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ் கோதுமை இறக்குமதிக்கு இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டபோது, திங்கட்கிழமை மாலைகளில் உணவகங்கள் மூடப்பட்டன. நாட்டின் பஞ்சத்துக்கு ஈடாகக் கேட்கப்பட்டது இரவுச் சாப்பாடு என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழ்நாட்டில் ஆட்சி மாற்றத்துக்கு உதவியது. அண்ணா ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில் சென்னையிலும் கோவையிலும் அது தொடங்கியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லாமல் மாதம் 20 கிலோ என்று அரிசி இறங்கி வந்தது. கம்பும் கேழ்வரகும் வீட்டிலிருந்து வெளியேறியது இந்தக் காலத்தில்தான். அரிசி எல்லோருக்கும் கிடைத்த பிறகே, அதைச் சோறாகச் சாப்பிடுவதா மாவாக அரைப்பதா என்ற தெரிவு எல்லோருக்கும் வந்தது. ரேஷன் புழுங்கலரிசியில் ஒரு பங்கு இட்லிக்கு ஊறப்போடப்படுவது இன்று ஊரறிந்த செய்தி. சோற்றுக்குக் கடை அரிசி, மாவுக்கு ரேஷன் அரிசி என்று பிரித்து வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். சோற்றுக்கென்று அரசு கொடுத்த அரிசி, தோசையாகித்தான் பல இரவுகளில் தட்டுக்கு வருகிறது.

அரிசி இருந்தால் போதுமா? இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, தனித்தனியாக ஊறவைத்து, தனித்தனியாக அரைத்து, உப்பிட்டுக் கரைத்துப் புளிக்கவிட வேண்டும். ஆட்டுக்கல்லின் முன் குந்தி, ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிட்டு, ஐந்து பேருக்கு அரைத்து முடிக்க ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். பகல் முழுவதும் நடவிலோ களையெடுப்பிலோ குனிந்த முதுகு இதை நாள்தோறும் செய்ய இயலாது. இட்லி பண்டிகைப் பலகாரமாக இருந்ததற்கு அரிசித் தட்டுப்பாடு பாதிக் காரணம் என்றால் ஆட்டுக்கல் மீதிக் காரணம். வேலைக்கு ஆள் வைத்திருந்த வீடுகளிலும், வெளிவேலைக்குப் போகாத பெண்கள் இருந்த மேல்சாதி, நடுத்தர வர்க்க வீடுகளிலும் மட்டுமே அது அன்றாட உணவாக முடிந்தது. 1950களின் நடுவில் கோயம்புத்தூரில் மோட்டார் பொருத்திய மாவரைக்கும் இயந்திரம் உருவானது. முதலில் அது உணவகங்களுக்கு வந்தது; பிறகு தெருமுனையில் படிக்கணக்கில் மாவரைத்துக் கொடுக்கும் கடைகளுக்கு; பிறகு வசதியுள்ள வீடுகளுக்கு; கடைசியில் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்து எல்லோருக்கும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் குடும்ப அட்டைதாரப் பெண்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி விலையில்லாமல் வழங்கப்பட்டன. இலவசங்கள் என்று இந்தத் திட்டத்தை எள்ளி நகையாடியவர்கள் அதிகம். ஆனால் ஒரே ஆண்டில் விலையில்லா அரிசியும் விலையில்லா கிரைண்டரும் ஒரே வாசலில் வந்து இறங்கின என்பதை இரவு உணவின் வரலாற்றை எழுதுகிறவர் கடந்துபோக முடியாது. மேல்தட்டின் அன்றாடமாகவும் அடித்தட்டின் பண்டிகையாகவும் இருந்த ஒரு பண்டம் அனைவருக்கும் பொதுவானதில் இந்த இரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு. குளிர்பதனப் பெட்டி அதற்கு இன்னொரு கை கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம் என்று வாரம் முழுக்க ஓடுகிறது. அதற்கும் நேரமில்லாதவர்களுக்குத் தெருவுக்கொரு கடையில் பாக்கெட் மாவு தொங்குகிறது.

அப்படியானால் இயந்திரம் பெண்ணின் வேலையைக் குறைத்ததா? குறைத்தது என்று உடனே சொல்லத் தோன்றும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூல் ஒன்றில், வீட்டுச் சாதனங்கள் பெருகியபோது இல்லத்தரசிகளின் வேலைநேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை, வீட்டாரின் எதிர்பார்ப்பே உயர்ந்தது என்று விரிவாகக் காட்டினார். அவர் எழுதியது அமெரிக்க வீடுகளைப் பற்றி. ஆனால் நம் தோசைக்கல்லில் அதை நேருக்கு நேர் சோதித்துப் பார்க்கலாம். சோறு பானையில் ஒரே தடவையில் வெந்துவிடும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் சமைத்தவளும் கூட உட்கார முடியும். உட்காரவிட்டார்களா என்பது வேறு கேள்வி. தோசை அப்படியல்ல. நாலு பேருக்கு ஆளுக்கு நாலு என்றால் பதினாறு தோசை. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் அரைமணிநேரத்துக்கு மேல் ஒருத்தி கல்லின் முன் நிற்க வேண்டும். ஆறினால் ருசிக்காது என்பதால் முன்கூட்டிச் சுட்டு அடுக்கி வைக்கவும் முடியாது. ஒருவருக்கு முறுகலாக, ஒருவருக்கு மெத்தென்று, குழந்தைக்கு நெய் விட்டு, மாமனாருக்கு எண்ணெய் இல்லாமல். கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்த்து, துணியால் துடைத்து, மாவை நடுவில் ஊற்றிக் கரண்டியின் அடிப்புறத்தால் வட்டமாக இழுத்து, ஓரத்தில் எண்ணெய் சுற்றி, திருப்பி, எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கல் அதிகம் காய்ந்திருக்கும். எட்டு மணிக்குத் தொடங்கும் குடும்பச் சாப்பாட்டில் அவள் முறை ஒன்பதுக்கு வருகிறது, பெரும்பாலும் கல்லின் பக்கத்தில் நின்றபடியே. ஆட்டுக்கல்லில் மிச்சமான நேரம் இப்படித் தோசைக்கல்லில் செலவாகிறது. நேரத்தின் இடம்தான் மாறியது. யாருடைய நேரம் என்பது மாறவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி 2019இல், ஊதியமில்லாத வீட்டுவேலைகளில் ஈடுபட்ட ஒரு பெண் நாளொன்றுக்கு அதில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். அத்தகைய ஓர் ஆண் செலவிட்டது 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இவை 289, 88 என்று இருந்தன. இந்திய அளவிலான எண்கள்தான். ஆனால் ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தபோது ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், இடைவெளி அப்படியே நிற்பது புரியும்.

வெளியில் கிடைக்கும் இரவு உணவுக்கு வருவோம். உணவகங்கள் இரவில் ஏன் சோறு போடுவதில்லை என்பதற்குக் கணக்கு எளிமையானது. பகல் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது அலுவலகம், நீதிமன்றம், சந்தை இவற்றை வைத்து ஓரளவு தெரியும். இரவில் தெரியாது. வடித்த சோறு விற்காவிட்டால் மறுநாளுக்கு உதவாது. கூட்டும் பொரியலும் ரசமும் அதோடு வீண். மாவும் பிசைந்த மைதாவும் அப்படியல்ல. கேட்ட பிறகு சுட்டுக் கொடுக்கலாம், மிஞ்சியதைக் குளிரில் வைக்கலாம், ஒரு சாம்பாரும் இரண்டு சட்னியும் எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்ள ஆகும். ஆக வீட்டையும் கடையையும் டிபன் பக்கம் தள்ளியது ஒரே காரணம். எத்தனை பேர், எப்போது வருவார்கள் என்று தெரியாத இரவுக்கு, ஒவ்வொன்றாகச் சுடக்கூடிய பண்டமே பொருந்துகிறது. குடும்பத்தில் எல்லோரும் விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு சேர்ந்த காலத்துக்குப் பானைச் சோறு சரியாக இருந்தது. ஒருவர் டியூஷனிலிருந்து ஏழரைக்கும், ஒருவர் கடையடைத்துவிட்டுப் பத்துக்கும், ஒருவர் இரண்டாம் ஷிப்ட் முடிந்து பதினொன்றுக்கும் வரும் வீட்டுக்கு மாவுப் பாத்திரம்தான் தோது.

பரோட்டா இந்தக் கணக்கில் தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. அது எந்த ஊரிலிருந்து வந்தது என்ற வழக்கை விட்டுவிடலாம். எந்தத் தானியத்திலிருந்து வந்தது என்பதே முக்கியம். கோதுமை விளையாத ஒரு நிலத்தில், பங்கீட்டுக் காலத்திலும் இறக்குமதிக் காலத்திலும் அரிசியின் இடத்தை நிரப்ப வந்த கோதுமையை நம் வீடுகள் எளிதில் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டது கடைத்தெரு. மைதாவில் உப்பும் எண்ணெயும் சேர்த்து அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி ஊறவிட்டு, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய மேடையில் தட்டி, காற்றில் வீசி, அடியில் உள்ள மேடை தெரியும் அளவுக்கு விரித்து, சேலைக் கொசுவம் போல மடித்துச் சுருட்டி, மறுபடி தட்டிக் கல்லில் போட்டு, வெந்த ஐந்தாறை அடுக்கி இரு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் அடித்துப் பிரித்துக் கொடுக்கும் இந்த வேலையை வீட்டு அடுப்பில் செய்ய முடியாது. விருதுநகரில் இதை எண்ணெயில் பொரிக்கிறார்கள், மதுரையில் பன் போல உப்ப வைக்கிறார்கள், மிஞ்சியதை முட்டையோடு கொத்துகிறார்கள். கேட்கக் கேட்க ஊற்றும் சால்னாவுக்குத் தனி விலை கிடையாது. இரண்டு பரோட்டாவில் வயிறு நிறைவதற்கு அந்தச் சால்னாவே காரணம், கூலிக்காரரின் இரவு உணவாக அது நிலைத்ததற்கும். தானியமும் அது வந்த வழியும் தட்டைத் தீர்மானிப்பதைக் கடல் கடந்த ஓர் ஒப்பீடு உறுதி செய்கிறது. இலங்கையிலும் கோதுமை மாவு பெருமளவில் வெளியிலிருந்தே வந்தது. 1980இல் திருகோணமலையில் பெரிய மாவு ஆலை இயங்கத் தொடங்கியது. அங்கே இரவு மேசையில் பாண் என்ற ரொட்டியும் பருப்பும், கொத்து ரொட்டியும் இடம்பிடித்தன. யாழ்ப்பாணத்து வீடுகளில் இரவுக்குரிய புட்டும் இடியப்பமும் அரிசிமாவோடு கோதுமை மாவையும் ஏற்றுக்கொண்டன. தானியம் ஒன்று, அரசுக் கொள்கை வேறு, உலையா வெதுப்பகமா என்பது வேறு. அதனால் தட்டும் வேறாயிற்று.

பரோட்டாக் கடையை உயர்த்திப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளியே சாப்பிடுவது தமிழ்நாட்டில் வெறும் காசு விவகாரமாக ஒருநாளும் இருந்ததில்லை. யாரோடு யார் உட்காரலாம், யார் சமைத்ததை யார் தின்னலாம் என்ற சாதி விதிகள் பழைய காபி கிளப்புகளின் வாசலிலேயே பலகையாகத் தொங்கின. உணவகப் பெயர்ப் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் இயக்கம் 1957இல் சென்னையில் ஒரு காபி கடை முன் தொடர் மறியல் நடத்த வேண்டியிருந்தது. முஸ்லிம்கள் நடத்திய பிரியாணிக் கடைகளும், நெடுஞ்சாலையோரப் பரோட்டாக் கடைகளும் ஒப்பீட்டளவில் எல்லோருக்கும் பெஞ்சு போட்டன. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை முறை முற்றாக ஒழியாத நிலையில், டவுன் பரோட்டாக் கடையின் பெஞ்சு ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்களுக்கு வெறும் இரவு உணவாக மட்டும் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பெஞ்சு நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே. பெண்களுக்குப் பரோட்டா வாழை இலையிலும் செய்தித்தாளிலும் மடித்த பார்சலாக வந்தது, சால்னா நூல் கட்டிய பையில். அவள் அன்று சமைக்காமல் இருந்தாள் என்பது உண்மை. வெளியே போய் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று சொல்ல முடியாது. 'குடும்பத்தினருக்குத் தனி அறை', பிறகு ஏசி அறை என்று உணவகங்கள் இடம் பிரித்த பிறகுதான் நடுத்தர வர்க்கப் பெண்கள் இரவில் கடையில் உட்காரத் தொடங்கினார்கள்.

எதிர்வாதங்களில் வலுவானது நோய் பற்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு, அதாவது 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. மருத்துவர்கள் இரவில் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், வீடுகள் கேட்கின்றன, அதனால்தான் டிபன் வந்தது என்கிறார்கள். சப்பாத்தியைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்கிறேன். வட இந்தியச் சாப்பாடாக இருந்த சப்பாத்தி தமிழ் வீட்டில் மருந்துச் சாப்பாடாக நுழைந்து குடிகொண்டதில் நீரிழிவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் இட்லியும் தோசையும் அரிசிதான். ரவையும் மைதாவும் தீட்டிய கோதுமைதான். ஐந்து தோசை தின்பவருக்கு ஒரு தட்டுச் சோற்றைவிட மாவுச்சத்துக் குறைவாகப் போகிறது என்று சொல்ல முடியாது. அதோடு சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட கீரையும் பொரியலும் தோசைக்கு இல்லை, தேங்காய்ச் சட்னியே மிச்சம். நோயே காரணமென்றால் இரவில் சோறு மட்டும் போய் அரிசி தங்கியிருக்கக் கூடாது. மேலும் இட்லி தோசை இரவுக்கு வந்தது, நீரிழிவு பற்றிய பேச்சு தெருவுக்கு வருவதற்கு முந்தைய கதை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மாற்றத்துக்கு மருத்துவர் சொல் ஒரு நல்ல பெயரைக் கொடுத்தது.

இன்னொரு எதிர்வாதத்தில் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஏழைகள் இட்லியை விரும்பித்தான் எடுத்துக்கொண்டார்கள். கூழும் களியும் இழிவின் அடையாளமாக்கப்பட்டவர்கள், வெள்ளை இட்லியைத் தம் வீட்டில் அவித்ததை வேலைப்பளு, தானியக் கொள்கை என்று மட்டும் விளக்குவது அவர்களின் விருப்பத்தை மதிக்காத பேச்சு என்று கேட்கலாம். சரியான கேள்வி. களி தின்றவரைக் களி தின்றவர் என்றே ஏளனம் செய்த சமூகத்தில் இட்லி ஒரு சமத்துவ உணவாகவும் இருந்தது. சிறுதானியத்துக்குத் திரும்புங்கள் என்று இன்று வசதியானவர்கள் விடுக்கும் அழைப்பு பல வீடுகளில் செல்லாததற்கும் அந்த நினைவே காரணம். ஆனால் விருப்பம் எப்போதும் இருந்தது. தீபாவளியன்று இட்லிக்காகக் காத்திருந்த குழந்தைகளே அதற்குச் சாட்சி. நெடுங்கால விருப்பம் ஏன் ஒரு குறிப்பிட்ட முப்பது நாற்பது ஆண்டுகளில் அன்றாடமானது என்பதற்கு விருப்பத்தால் மட்டும் விடை சொல்ல முடியாது. அரிசியும் மின்சாரமும் கிரைண்டரும் எரிவாயு அடுப்பும் வந்துசேர்ந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

செலவுக் கணக்குகளும் இதே திசையில் போகின்றன. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமக் குடும்பத்தின் மொத்தச் செலவில் தானியத்தின் பங்கு 4.91 சதவீதம், 1999-2000இல் அது 22 சதவீத அளவில் இருந்தது. அதே 2022-23இல் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்ற தொகுப்பின் பங்கு கிராமத்தில் 9.62, நகரத்தில் 10.64 சதவீதம். கடையில் வாங்கிய சமைத்த சாப்பாடு இந்தத் தொகுப்புக்குள்தான் வருகிறது. தேநீரும் பிஸ்கட்டும்கூட இதில் சேர்ந்திருப்பதால் எல்லாவற்றையும் இரவு உணவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனாலும் வீட்டில் வேகும் தானியத்துக்குச் செலவிடுவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கைக் கிராமத்துக் குடும்பம் இந்தத் தொகுப்புக்குச் செலவிடுகிறது என்பது சிறிய செய்தி இல்லை. கடைகளும் நிறுவனங்களும் 24 மணிநேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழ்நாடு அரசு அனுமதித்தது. செல்பேசியில் சொன்னால் வாசலுக்கு வரும் உணவு அதற்கு மேல் வந்து உட்கார்ந்தது. வீட்டு இரவுக்கும் கடை இரவுக்கும் இடையே இருந்த சுவர் மெலிந்துகொண்டே வருகிறது: பாக்கெட் மாவு கடையை வீட்டுக்குள் கொண்டுவந்தது, பார்சல் வீட்டுத் தட்டில் கடைச் சமையலை வைத்தது.

அரசு இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், ஒரு வேளை மட்டும் விடுபட்டிருப்பது கண்ணில் படுகிறது. பள்ளிக் குழந்தைகளின் மதியத்தை 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் விரிவாக ஏற்றுக்கொண்டது. காலையை 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஏற்றது. இரவு மட்டும் முழுக்க வீட்டின் பொறுப்பு, அதாவது பெண்ணின் பொறுப்பு. இதற்கு ஒரு விலக்கு, 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம். காலையில் ஒரு ரூபாய்க்கு இட்லி, பகலில் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் என்று ஆரம்பித்த அது, பிறகு மாலையில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் மூன்று ரூபாய்க்கு என்று இரவுக்கும் நீண்டது. அரசே நடத்தும் கடையும் இரவில் சோற்றை விலக்கிவிட்டு டிபனைத் தேர்ந்தது. சமைத்தவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர், கூலிக்கு. வீட்டில் கூலியில்லாமல் நடந்த அதே இரவு வேலைக்கு அங்கே நாட்கூலி கிடைத்தது என்பதை அந்தத் திட்டத்தின் சிறப்பாகவே கருதுகிறேன். ஆனால் அது நகரங்களுக்குள் நின்றுவிட்டது.

அந்த இடைவெளி எங்கே வலிக்கிறது என்றால், இரவுச் சமையலை விட்டு வெளியே வந்த பெண்கள் மிகுதியாக இருக்கும் இடங்களில். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்: திருப்பூர்ப் பின்னலாடை, ஆம்பூர்த் தோல், ஸ்ரீபெரும்புதூர் மின்னணுப் பொருட்கள். விடுதியில் தங்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு மாவுப் பாத்திரமும் இல்லை, பரோட்டாக் கடைப் பெஞ்சும் இல்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பும் அண்டாவே கதி. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதி உணவால் நோயுற்று, அவர்களின் தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். என்ன சமைத்தார்கள், யார் சமைத்தார்கள், எந்தத் தண்ணீரில் என்று அன்று அவர்கள் கேட்டதெல்லாம் நேற்றுவரை வீட்டுக்குள் கேட்கப்பட்ட கேள்விகள்தான்; அவை சாலைக்கு வந்துவிட்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு நிறுவனமே கட்டித் திறந்தது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிடப் பெரிய அந்த வளாகத்தில் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் திரும்புகிறவளுக்குச் சூடாக ஒரு தட்டு கிடைக்கிறதா, அதைச் சமைக்கிறவருக்கு என்ன கூலி, சமையலறையை மாதத்துக்கு எத்தனை முறை சோதிக்கிறார்கள் என்ற விவரங்கள், சத்துணவு மையங்களைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்கப்படுவதுபோலவே கேட்கப்பட வேண்டும், அறிக்கையாகப் பொதுவில் வைக்கப்படவும் வேண்டும்.